எதை நினைவகத்தில் வைப்பது, எதை வட்டில் வைப்பது? – வாசகர் கேள்வி பதில்

கிளவுடில் ஓடும் நிறுவன மென்பொருள்களின் வேகம் பற்றியும், தரவை வட்டுக்குப் பதிலாக ரேம் என்ற நினைவகத்தில் வைத்து விரைவாக எடுத்துத் தரும் ரெடிஸ், ஹேசல்காஸ்ட் போன்ற இன்-மெமரி தளங்கள் பற்றியும் கொங்கு வட்டாரத்திலிருந்து கடந்த சில மாதங்களாகத் தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து, இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்களுடையது பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். ஆர்டர், நூல், ஜாப் ஒர்க், பேக்கிங், பில் எல்லாம் ஒரே மென்பொருளில் இருக்கின்றன. அது மும்பையில் உள்ள கிளவுட் சர்வரில் ஓடுகிறது. ஷிப்மெண்ட் நெருங்கும் நாட்களிலும், ஜி.எஸ்.டி. கணக்குக்காக மாதத்தின் 10, 11 தேதிகளிலும் திரைகள் திறக்க அரை நிமிடம் ஆகிறது. ஒரு ஸ்டைலின் கையிருப்பை நிறம், அளவு வாரியாகக் காட்டும் திரைதான் மிகவும் மோசம். தரவு முழுவதையும் இன்-மெமரி தளத்துக்கு மாற்றிவிட்டால் சரியாகும் என்று மென்பொருள் கொடுத்தவர்கள் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– கணினிப் பிரிவு அலுவலர், திருப்பூர்

பதில்: முழுவதையும் மாற்ற வேண்டாம். எந்தத் திரை, எந்த வேலையால் தாமதமாகிறது என்பதை முதலில் கண்டறிய வேண்டும். நீங்கள் குறிப்பிட்டிருக்கும் அந்தக் கையிருப்புத் திரையையே எடுத்துக்கொள்வோம். ஒரு ஸ்டைலுக்கு 6 நிறம், 5 அளவு, கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என 5 நிலைகள் என்று வைத்துக்கொண்டால், அந்தத் திரையில் 150 எண்கள் தெரிகின்றன. இவற்றில் எந்த எண்ணும் அப்படியே எங்கும் சேமிக்கப்பட்டிருக்காது. ஆர்டர் தொடங்கிய நாளிலிருந்து போட்ட டெலிவரி சலான்கள், திரும்பி வந்த பீஸ்களின் வரவுச் சீட்டுகள் ஆகிய அனைத்தையும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கூட்டிக் கழித்துத்தான் இத்தகைய மென்பொருள்கள் பெரும்பாலும் அந்த 150 எண்களைக் காட்டுகின்றன. மெர்ச்சண்டைசர், கட்டிங் மாஸ்டர், பேக்கிங் சூப்பர்வைசர் என்று பலர் ஒரே நேரத்தில் அதே திரையைத் திறந்தால், அதே கூட்டலைத் தரவுத்தளம் அத்தனை முறையும் செய்கிறது. 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1 தாக்கலுக்கான கடைசி நாள் என்பதால், அந்த நாட்களில் பில் பிரிவின் பெரிய அறிக்கைகளும் இதே தரவுத்தளத்தின் மேல்தான் வந்து விழுகின்றன.

ஆகவே முதல் மருந்து நினைவகம் அல்ல. சலான் பதிவாகும் அதே பரிவர்த்தனையில் (இரண்டும் சேர்ந்தே நடக்கும், இல்லையேல் இரண்டுமே நடக்காது) அந்த நிறம், அளவு, நிலைக்கான கூட்டுத்தொகையையும் மாற்றிவிடும் ஒரு தனி அட்டவணையைத் தரவுத்தளத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். தேடும் புலங்களுக்கு இண்டெக்ஸ் (புத்தகத்தின் பொருளடைவு போன்ற தேடல் குறிப்பு) இருக்கிறதா என்று பாருங்கள். மாதாந்திர அறிக்கைகளைத் தரவுத்தளத்தின் பிரதி ஒன்றிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். பல நிறுவனங்களில் சிக்கல் இத்துடன் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகும் ஆட்கள் பெருகப் பெருகத் திரை தடுமாறினால், அப்போது அந்தக் கூட்டுத்தொகைகளை நினைவகத்துக்குக் கொண்டுபோகலாம்.

நினைவகம் ஏன் வேகமானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரேமிலிருந்து ஒரு தகவலைப் படிக்க ஏறத்தாழ 100 நானோ நொடி ஆகும், எஸ்.எஸ்.டி. வட்டில் ஏறத்தாழ 100 மைக்ரோ நொடி, அதாவது ஆயிரம் மடங்கு. சுழலும் பழைய வட்டில் ஏறத்தாழ 10 மில்லி நொடி, அதாவது ஒரு லட்சம் மடங்கு. ஆனால் இந்த ஆயிரம் மடங்கு வேகம் அப்படியே உங்கள் மேசைக்கு வந்து சேராது. மென்பொருள் ஓடும் சர்வருக்கும் நினைவகத் தளம் இருக்கும் சர்வருக்கும் இடையே வலைப்பின்னல் இருக்கிறது. ஒரே தரவு மையத்துக்குள்ளேயே போய்வர ஏறத்தாழ அரை மில்லி நொடி ஆகிவிடும்.

ஈரோடு, பெருந்துறைப் பக்கம் மஞ்சள் ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மூட்டைகள் குடோனில் கிடக்க, ஒவ்வொரு குவியலிலிருந்தும் எடுத்த மாதிரியை மட்டும் பரப்பி வைத்திருப்பார்கள். வியாபாரிகள் மாதிரியைப் பார்த்து விரைவாக விலை எழுதிவிட்டுப் போவார்கள். குடோனுக்குள் மூட்டை நனைந்துவிட்டால் வெளியே இருக்கும் மாதிரிக்கு அது தெரியாது. எடை போடும்போதும் பணம் கொடுக்கும்போதும் மூட்டைதான் கணக்கு. நினைவகத்தில் இருப்பது மாதிரி, தரவுத்தளத்தில் இருப்பது மூட்டை.

எனவே ஒவ்வொரு தரவைப் பற்றியும் இரண்டு கேள்விகளை எழுதி, பதிலையும் எழுதி வையுங்கள். இது அழிந்துபோனால் வேறு இடத்திலிருந்து மறுபடி உருவாக்க முடியுமா? இது 5 நிமிடம் பழையதாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? பையர் விவரம், அளவுப் பட்டியல், பயனர் உள்நுழைவு, நிலைவாரிக் கூட்டுத்தொகை ஆகியவை அழிந்தாலும் திரும்ப உருவாக்கிக்கொள்ளலாம். அவை நினைவகத்துக்கு ஏற்றவை. சலான், பில், இ-இன்வாய்ஸ் எண், நூல் கணக்கு, கூலிக் கணக்கு ஆகியவற்றின் மூலப் பதிவு வட்டில் எழுதும் தரவுத்தளத்திலேயே இருக்கட்டும். இந்தப் பிரிப்பைச் செய்யாமல் எந்தத் தளத்தையும் வாங்குவதற்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: மெம்கேச்ட், ரெடிஸ், ஹேசல்காஸ்ட், இக்னைட், ஹானா என்று பல பெயர்களைப் படிக்கிறோம். எல்லாம் ஒன்றா?
– பொறியியல் கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

பதில்: எல்லாம் ரேமைப் பயன்படுத்துகின்றன என்பது மட்டுமே பொது. லைவ்ஜர்னல் என்ற வலைத்தளத்தின் சுமையைக் குறைக்க பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் 2003-இல் உருவாக்கிய மெம்கேச்ட், ஒரு திறவுச்சொல்லுக்கு (கீ, அதாவது தரவைக் குறிக்கும் பெயர்) ஒரு மதிப்பு என்று வைத்துக்கொள்ளும் எளிய கேச், அதாவது அடிக்கடி கேட்கப்படுவதன் நகலை வைத்திருக்கும் தற்காலிக இடம். சர்வரை நிறுத்தினால் உள்ளே இருப்பது போய்விடும். இத்தாலியரான சால்வத்தோரே சான்ஃபிலிப்போ 2009-இல் வெளியிட்ட ரெடிஸில் பட்டியல், கணம் (செட்), வரிசைப்படுத்திய கணம் எனப் பலவகைத் தரவு அமைப்புகள் உள்ளன. வட்டில் எழுதிவைக்கும் வசதியும் உண்டு. துருக்கியில் தொடங்கிய ஹேசல்காஸ்ட், அப்பாச்சி அமைப்பின்கீழ் உள்ள இக்னைட் ஆகியவை தரவைப் பல சர்வர்களில் பகிர்ந்து வைப்பதோடு, கணக்கீட்டையும் தரவு இருக்கும் சர்வருக்கே அனுப்பி அங்கேயே செய்து முடிக்கக்கூடியவை. ஹானா இவற்றிலிருந்து வேறுபட்டது, எஸ்.ஏ.பி. நிறுவனம் 2010-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த அது, நெடுவரிசை முறையில் (ஒவ்வொரு புலத்தின் மதிப்புகளையும் ஒன்றாகச் சேர்த்து) தரவை ரேமில் வைத்திருக்கும் முழுமையான தரவுத்தளம்; ஒவ்வொரு மாற்றத்தையும் வட்டில் உள்ள பதிவேட்டில் எழுதிய பிறகே உறுதி செய்கிறது.

கணக்கீட்டைத் தரவிடம் அனுப்புவது என்பதைச் சற்று நிதானித்துப் புரிந்துகொள்ளுங்கள். படித்து முடித்து வேலைக்குச் செல்லும்போது அது மிகவும் உதவும். ஒரு மில்லில் பத்தாயிரம் தொழிலாளர்களின் மாத ஊதியத்தைக் கணக்கிட, பத்தாயிரம் பதிவுகளையும் மென்பொருள் சர்வருக்கு வரவழைத்துக் கணக்கிட்டுத் திருப்பி அனுப்பலாம். அல்லது கணக்கிடும் சிறு நிரலைப் பதிவுகள் இருக்கும் ஒவ்வொரு சர்வருக்கும் அனுப்பி, தத்தம் பங்கை அவை அங்கேயே முடிக்கும்படி செய்யலாம். இரண்டாவது வழியில் வலைப்பின்னலில் நிரலும் விடையும் மட்டுமே பயணம் செய்கின்றன. ஆனால் ஒரு தொழிலாளியின் வருகைப் பதிவும் முன்பணக் கணக்கும் அவருடைய அடிப்படைப் பதிவும் ஒரே சர்வரில் ஒன்றாக இருந்தால்தான் இது பலன் தரும். அதற்கு, பணியாளர் எண்ணை வைத்தே மூன்றையும் பகிரும்படி தொடக்கத்திலேயே வடிவமைக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் மென்பொருள் பீளமேடு அலுவலகச் சர்வரில் ஓடுகிறது. வேகத்துக்காக மும்பையில் ரெடிஸ் வாடகைக்கு எடுத்தோம். முன்பைவிட மெதுவாகிவிட்டது. ரெடிஸ் பழுதா?
– பம்ப் உற்பத்தி நிறுவன மேலாளர், கோயம்புத்தூர்

பதில்: ரெடிஸில் பழுது இல்லை; தூரம்தான் காரணம். கோவைக்கும் மும்பைக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும் என்பதால், போய்வர 10 மில்லி நொடி கட்டாயம் ஆகும். இழைகள் நேர்கோட்டில் போவதில்லை, நடுவே கருவிகளும் உண்டு என்பதால் நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே ஆகும். ஒரு விலைப்பட்டியல் திரைக்கு 200 பொருட்களின் விலையை ஒவ்வொன்றாகக் கேட்டால், குறைந்தது 2 நொடி வெறும் பயணத்திலேயே போய்விடுகிறது. முன்பு அதே விலைகள் அலுவலகத்தின் உள்வலையிலேயே இருந்ததால் அந்தப் பயணம் இல்லை.

இரண்டு மாற்றங்களைச் செய்யுங்கள். மென்பொருளும் நினைவகத் தளமும் ஒரே வட்டாரத்தில், முடிந்தால் ஒரே தரவு மையத்தில் இருக்க வேண்டும். ஒன்றை நகர்த்தினால் மற்றதையும் நகர்த்துங்கள். அமேசானுக்கு 2016 முதல் மும்பையிலும் 2022 முதல் ஐதராபாத்திலும் மையங்கள் உள்ளன. மைக்ரோசாஃப்ட் அஷூருக்குச் சென்னையிலேயே ஒரு வட்டாரம் இருக்கிறது. அடுத்து, 200 விலைகளையும் ஒரே கோரிக்கையில் கேட்கும்படி நிரலை மாற்றச் சொல்லுங்கள். பைப்லைன் என்ற முறையில் 200 கட்டளைகளை ஒன்றாக அனுப்பி 200 விடைகளையும் ஒன்றாகப் பெறலாம். இந்த இரண்டாவது மாற்றத்தை மட்டும் செய்தாலே வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி: ஆன்லைனில் சேலை விற்கிறோம். தீபாவளித் தள்ளுபடியின்போது ஒரே ஒரு சேலை மீதமிருந்தது; இரண்டு பேருக்கு அது விற்றதாகப் பதிவாகி, ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அதே நாள் இரவு 8 மணிக்குத் தளமே சில நிமிடங்கள் நின்றுவிட்டது. கையிருப்பை ரெடிஸில்தான் வைத்திருக்கிறோம். பிறகு ஏன் இப்படி?
– ஜவுளி வியாபாரி, ஈரோடு

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறுகள். முதலில் சேலை. உங்கள் தளத்தை ஒன்றுக்கு மேற்பட்ட சர்வர்கள் நடத்துகின்றன. ஒரு சர்வர் கையிருப்பைப் படித்தது, விடை 1. அதே கணத்தில் மற்றொரு சர்வரும் படித்தது, அதற்கும் விடை 1. இரண்டும் தத்தம் பக்கத்தில் ஒன்றைக் கழித்து 0 என்று எழுதின. இருவருமே வாங்கிவிட்டதாகப் பதிவாயிற்று. தரவு எவ்வளவு வேகமான இடத்தில் இருந்தாலும், படிப்பதும் எழுதுவதும் இரண்டு தனிச் செயல்களாக இருக்கும்வரை இந்தத் தவறு நடக்கும்.

ரெடிஸ் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகவே நிறைவேற்றுகிறது. ஆகவே படித்து எழுதுவதற்குப் பதிலாக, “ஒன்றைக் குறைத்து மீதியைச் சொல்” என்ற ஒரே கட்டளையை அனுப்ப வேண்டும். முதலில் வந்தவருக்கு 0 என்றும் அடுத்தவருக்கு -1 என்றும் விடை வரும். -1 வந்தவருக்கு விற்றுத் தீர்ந்தது என்று உடனே காட்டிவிட்டு, குறைத்த ஒன்றைத் திரும்பக் கூட்டிவிடலாம். கையிருப்பைக் குறைப்பதையும் இன்னாருக்கு 10 நிமிடம் ஒதுக்கப்பட்டது என்று எழுதுவதையும் சேர்த்தே செய்ய வேண்டியிருப்பதால், இரண்டையும் லுவா என்ற நிரல்மொழியில் ஒரே நிரலாக எழுதி ரெடிஸுக்குள்ளேயே ஓட விடுவது நல்லது. நடுவில் வேறு கட்டளை எதுவும் புகாது.

இங்கே பலரும் கவனிக்கத் தவறும் ஓர் இடம் உண்டு. 10 நிமிட ஒதுக்கீட்டுக்குக் காலாவதி நேரம் வைத்தால், நேரம் முடிந்ததும் ஒதுக்கீட்டுக் குறிப்பு மட்டுமே மறையும். குறைத்த கையிருப்பு தானாகத் திரும்பாது. வாடிக்கையாளர் பணம் செலுத்தாமல் போய்விட்டால் அந்தச் சேலை குடோனில் இருக்கும், தளத்தில் மட்டும் தீர்ந்துவிட்டதாகக் காட்டும். ஒதுக்கீடுகளை முடிவு நேரப்படி வரிசைப்படுத்திய கணத்தில் வைத்து, நேரம் கடந்தவற்றை எடுத்துக் கையிருப்பைத் திரும்பக் கூட்டும் ஒரு சிறு பணியைத் தொடர்ந்து ஓடவிடுங்கள். யு.பி.ஐ. பணம் சில வேளைகளில் தாமதமாக உறுதியாகும் என்பதையும் மறக்கக்கூடாது. ஒதுக்கீடு காலாவதியான பிறகு பணம் வந்தால், சேலை இன்னும் இருக்கிறதா என்று பார்த்து விற்பனையை உறுதி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் உடனே பணத்தைத் திருப்ப வேண்டும். விற்பனை முடிந்தது என்ற இறுதிப் பதிவு எப்போதும் தரவுத்தளத்தில் நடக்கட்டும்.

இனி 8 மணிக் கோளாறு. தள்ளுபடிப் பக்கத்தின் கேச் 8 மணிக்குக் காலாவதியாகும்படி வைத்திருந்தீர்கள் என்று கடிதத்தின் பின்பகுதியிலிருந்து தெரிகிறது. அந்த நொடியில் பக்கத்தைத் திறந்த ஒவ்வொருவருக்கும் நினைவகத்தில் எதுவும் கிடைக்கவில்லை. எல்லாக் கோரிக்கைகளும் ஒரே கேள்வியுடன் தரவுத்தளத்திடம் போயின, அது மூச்சுத் திணறியது. ஒருவர் மட்டும் தரவுத்தளத்திடம் கேட்டு நினைவகத்தை நிரப்பவும், அதுவரை மற்றவர்களுக்குச் சில நொடிகள் பழைய பக்கத்தைக் காட்டவும் ஏற்பாடு செய்யுங்கள். ஃபேஸ்புக் பொறியாளர்கள் மெம்கேச்டைப் பெரிய அளவில் நடத்திய அனுபவத்தை 2013-இல் வெளியிட்ட கட்டுரையில், நிரப்பும் உரிமையை ஒருவருக்கு மட்டும் கொடுக்கும் இந்த ஏற்பாட்டை விளக்கியிருக்கிறார்கள். பல பக்கங்கள் ஒரே நேரத்தில் காலாவதியாகாதபடி ஒவ்வொன்றின் நேரத்திலும் சில நொடிகளைக் கூட்டியோ குறைத்தோ வைப்பதும் உதவும். தள்ளுபடி தொடங்கும் நேரம் முன்கூட்டியே தெரியும் என்பதால், அதற்கு முன்பே பக்கங்களை நினைவகத்தில் ஏற்றி வைத்துவிடலாம்.

கேள்வி: லாரிகள் எங்கே இருக்கின்றன என்று ஜி.பி.எஸ். மூலம் பார்க்கும் மென்பொருள் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு வண்டியும் சில நொடிகளுக்கு ஒருமுறை இடத்தை அனுப்புகிறது. தரவுத்தளம் தாங்கவில்லை.
– லாரி புக்கிங் அலுவலகம், நாமக்கல்

பதில்: நினைவகத் தளத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை அமைவது அரிது. வண்டி இப்போது இருக்கும் இடம் ஒன்றை மட்டும் வண்டி எண்ணின்கீழ் நினைவகத்தில் வையுங்கள். புதிய இடம் வந்ததும் பழையது மறையட்டும். அழிந்துபோனாலும் அடுத்த சில நொடிகளில் வண்டியே மறுபடி அனுப்பிவிடும். காலாவதி நேரத்தைச் சில நிமிடங்கள் என்று வைத்தால், சிக்னல் இல்லாத மலைப்பாதையில் போகும் வண்டி பழைய இடத்திலேயே நிற்பதாகத் தவறாகக் காட்டாது. போன வழித்தடத்தின் பதிவு தேவையென்றால், நிமிடத்துக்கு ஓர் இடம் என்று சேர்த்து, மொத்தமாகத் தரவுத்தளத்தில் எழுதுங்கள்.

கேள்வி: சுமை கூடியதால் ரெடிஸ் கிளஸ்டரில் (பல சர்வர்கள் சேர்ந்த தொகுப்பில்) 3 சர்வர்களை 6 ஆக்கினோம். மாதக் கட்டணம் கூடியது, வேகம் கூடவில்லை. ஒரு சர்வர் மட்டும் எப்போதும் உச்சத்தில் இருக்கிறது, மற்றவை சும்மா இருக்கின்றன.
– மென்பொருள் பொறியாளர், அவிநாசி

பதில்: உங்கள் கடிதத்தோடு அனுப்பிய திறவுச்சொல் பட்டியலிலேயே விடை இருக்கிறது. ரெடிஸ் கிளஸ்டர் எல்லாத் திறவுச்சொற்களையும் 16,384 ஸ்லாட்டுகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு சர்வருக்கும் அவற்றில் ஒரு பங்கு. ஒரு திறவுச்சொல் எந்த ஸ்லாட்டில் விழும் என்பது அந்தச் சொல்லைக் கொண்டு செய்யும் கணக்கீட்டைப் பொறுத்தது. சொல்லின் ஒரு பகுதியை நெளிவு அடைப்புக்குறிக்குள் வைத்தால், அந்தப் பகுதியை மட்டுமே கணக்கில் எடுக்கும். தொடர்புடைய தரவுகளை ஒரே சர்வரில் வைத்துக்கொள்வதற்காகத் தரப்பட்ட வசதி அது. உங்கள் நிரலில் பையர் பெயரை அடைப்புக்குறிக்குள் வைத்திருக்கிறீர்கள். ஆகவே ஒரு பையரின் எல்லா ஆர்டர்களும், எல்லா ஸ்டைல்களும், எல்லாக் கையிருப்பு எண்களும் ஒரே ஸ்லாட்டில், அதாவது ஒரே சர்வரில் போய்க் குவிகின்றன.

திருப்பூர், அவிநாசிப் பக்கத்துத் தொழில் எப்படிப்பட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு பையர்கள் இருந்தாலும், ஆர்டரில் பாதிக்கு மேல் ஒருவரே கொடுப்பது இங்கே சாதாரணம். அந்தப் பெரிய பையரின் ஸ்லாட்டை வைத்திருக்கும் சர்வர்தான் உங்களிடம் உச்சத்தில் ஓடுகிறது. ஒரு ஸ்லாட்டை இரண்டு சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது என்பதால், 6 சர்வர்களை 60 ஆக்கினாலும் அந்த ஒன்றின் சுமை குறையாது. ரெடிஸ் கட்டளைகளை ஒரே இழையில் (த்ரெட்), அதாவது ஒரு நேரத்தில் ஒரு கோரில் மட்டும் நிறைவேற்றுவதால், அந்தச் சர்வருக்குக் கூடுதல் சி.பி.யு. கோர்கள் வாங்கிக் கொடுப்பதும் பெரிதாக உதவாது.

பையர் பெயருக்குப் பதிலாக ஆர்டர் எண்ணை அடைப்புக்குறிக்குள் வையுங்கள். ஓர் ஆர்டரின் நிறம், அளவு, நிலை எண்கள் ஒன்றாகவே இருக்கும். ஒரே திரைக்குத் தேவையானவற்றை ஒரே கோரிக்கையில் எடுக்கலாம். ஆர்டர்களோ எல்லாச் சர்வர்களிலும் பரவிவிடும். பையர் முழுவதற்குமான மொத்தம் தேவைப்படும் அறிக்கை மட்டும் பல சர்வர்களிடம் கேட்க வேண்டிவரும். அதை நாளில் சிலரே திறப்பார்கள். அந்தச் செலவை ஏற்கலாம். பகிரும் திறவுச்சொல் எது என்பதை ஆட்கள் எந்தத் திரையை அடிக்கடி திறக்கிறார்கள் என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும். சர்வர் எண்ணிக்கையைக் கூட்டுவது அதற்குப் பிந்திய வேலை.

இன்னொன்றையும் உங்கள் பட்டியலில் பார்த்தேன். எல்லாத் திறவுச்சொற்களையும் பட்டியலிடும் ‘கீஸ்’ கட்டளையை ஓர் அறிக்கைக்காகப் பயன்படுத்துகிறீர்கள். அது ஓடி முடியும்வரை அந்தச் சர்வர் வேறு எவருக்கும் விடை சொல்லாது. சிறு சிறு பகுதிகளாகத் தேடும் ‘ஸ்கேன்’ கட்டளைக்கு இன்றே மாறிவிடுங்கள்.

கேள்வி: நினைவகத்தில் இருப்பது மின்சாரம் போனால் போய்விடும்தானே? கிளவுட் நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். கணக்கை நம்பி வைக்கலாமா?
– வீட்டு உபயோக ஜவுளி ஏற்றுமதியாளர், கரூர்

பதில்: கிளவுட் நிறுவனம் சர்வரைப் பார்த்துக்கொள்ளும்; எந்தத் தரவை எவ்வளவு இழக்கலாம் என்ற முடிவு உங்களுடையது. ரெடிஸில் காப்பு முறைகள் இரண்டு. குறிப்பிட்ட இடைவெளியில் முழு நிலையையும் வட்டில் எழுதுவது ஒன்று. கடைசியாக எழுதியதற்குப் பின் வந்த மாற்றங்கள் விபத்தில் போய்விடும். ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவேட்டில் தொடர்ந்து சேர்ப்பது மற்றொன்று. அதிலும் வழக்கமான அமைப்பில் நொடிக்கு ஒருமுறைதான் வட்டுக்கு உறுதியாகப் போகிறது என்பதால், ஏறத்தாழ ஒரு நொடி மாற்றங்கள் போகலாம். முழு நிலையை எழுதும் வேளையில் மாற்றங்களும் நிறைய வந்துகொண்டிருந்தால், நினைவகத் தேவை ஏறத்தாழ இருமடங்குவரை உயரக்கூடும்; ஆகவே ரேம் முழுவதையும் தரவால் நிரப்பிவிடாதீர்கள்.

பிரதி சர்வர் வைத்தாலும் ஒரு சந்து இருக்கிறது. முதன்மைச் சர்வர் “எழுதிவிட்டேன்” என்று விடை சொன்ன பிறகுதான் பிரதிக்கு மாற்றம் போகிறது. அந்த இடைவெளியில் முதன்மை விழுந்து பிரதி பொறுப்பேற்றால், உங்கள் மென்பொருள் பதிவானதாக நம்பிய ஒரு வரி எங்கும் இருக்காது. ஹேசல்காஸ்ட் போன்றவை வழக்கமான அமைப்பிலேயே ஒரு பிரதியை எழுதி முடித்த பிறகு விடை சொல்கின்றன. இழப்பு குறையும், எழுதும் நேரம் சற்றுக் கூடும். வலைப்பின்னல் நடுவில் அறுந்து, இரண்டு பக்கச் சர்வர்களும் தாமே முதன்மை என்று எண்ணிக்கொள்ளும் விபத்தைத் தவிர்க்க, முடிவெடுக்கும் சர்வர்கள் குறைந்தது 3 இருக்க வேண்டும். பெரும்பான்மை இருக்கும் பக்கம் மட்டுமே தொடரும்.

கணக்குக்கு இது போதாது. கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவான நிறுவனங்கள், 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தின் தடத்தையும் பதிவு செய்யும் மென்பொருளையே பயன்படுத்த வேண்டும் என்பது விதி. ஒரு நொடி இழப்பைக்கூட அங்கே ஏற்க முடியாது. கணக்கின் மூலப் பதிவைத் தரவுத்தளத்தில் வைத்து, திரைக்குக் காட்டும் தொகையை மட்டும் நினைவகத்தில் வையுங்கள்.

கேள்வி: ஆட்டோ ஸ்கேலிங் (சுமைக்கேற்ப சர்வர் எண்ணிக்கையைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) இருந்தால் இரவில் சர்வரைக் குறைத்துப் பணத்தை மிச்சப்படுத்தலாமே?
– தேங்காய் நார்ப் பொருள் ஏற்றுமதியாளர், பொள்ளாச்சி

பதில்: மென்பொருள் ஓடும் சர்வர்களைத் தாராளமாகக் குறைக்கலாம், அவற்றுள் தரவு இல்லை. நினைவகத் தள சர்வரை எடுத்தால் அதிலுள்ள தரவு மற்றவற்றுக்கு இடம்பெயர வேண்டும், காலையில் திரும்பி வர வேண்டும்; அந்த இடமாற்றமே சுமை. உங்கள் அளவுக்கு அது பயன் தராது. ரேம் வட்டைவிடப் பல மடங்கு விலை உயர்ந்தது என்பதால், எவரும் படிக்காத பழைய தரவுக்குக் காலாவதி வைத்து வெளியேற்றுவதுதான் உண்மையான மிச்சம். அதிகபட்ச நினைவகத்தை எட்டும்போது என்ன நடக்க வேண்டும் என்பதையும் தெளிவாக அமைத்துவிடுங்கள். ரெடிஸின் வழக்கமான அமைப்பில் எல்லையை எட்டியதும் அது பழையதை வெளியேற்றாது, புதியதை எழுத மறுத்துவிடும்.

கேள்வி: ரெடிஸ் இனி இலவசம் இல்லை என்கிறார்களே?
– மென்பொருள் நிறுவனம், சேலம்

பதில்: 2024 மார்ச்சில் அதன் உரிமம் மாறியது உண்மை. அதே மாதத்தில் பழைய உரிமத்திலிருந்த நிரலை எடுத்து, லினக்ஸ் அறக்கட்டளையின்கீழ் வால்கீ என்ற திட்டம் தொடங்கியது. 2025-இல் வெளிவந்த ரெடிஸ் 8 முதல் ஏ.ஜி.பி.எல். என்ற திறமூல உரிமமும் ஒரு தேர்வாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. உங்கள் மென்பொருளுக்குள்ளேயே அதைச் சேர்த்து விற்பதானால், உரிம வாசகத்தை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். உங்கள் நிறுவனத்தின் சொந்தப் பயன்பாடு மட்டும் என்றால், ரெடிஸ், வால்கீ இரண்டில் எதை எடுத்தாலும் அன்றாட வேலையில் வேறுபாடு தெரியாது.

கேள்வி: மாற்றங்களை எல்லாம் செய்துவிட்டோம். நேரலைக்குக் கொண்டுவரும் முன் எதைச் சோதிக்க வேண்டும்?
– ஸ்பின்னிங் மில் கணினிப் பிரிவு, கோபிசெட்டிபாளையம்

பதில்: எல்லோரும் வேகத்தைச் சோதிக்கிறார்கள், நீங்கள் வீழ்ச்சியைச் சோதியுங்கள். நேரலைக்கு ஈடான ஒரு சோதனைச் சூழலில், ஷிப்ட் மாறும் நேரத்துச் சுமையைக் கொடுத்துக்கொண்டே நினைவகத்தை முழுவதும் காலி செய்யுங்கள். தரவுத்தளம் மட்டுமே நின்று தாங்குகிறதா, நினைவகம் மறுபடி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அது தாங்கவில்லையென்றால், உங்கள் கேச் வசதியாக இல்லாமல் கட்டாயமாகிவிட்டது என்று பொருள். கோரிக்கைகளை வரிசையில் நிறுத்தும் ஏற்பாடு தேவை. அடுத்து முதன்மைச் சர்வரை நிறுத்திவிட்டு, பிரதி பொறுப்பேற்கும்வரை பஞ்சு எடைப்பாலத்தில் பதிவு போடுபவரின் திரையில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். தெளிவான பிழைச் செய்தி வர வேண்டும். பதிவாகாத ஒன்றைப் பதிவானதாகக் காட்டக்கூடாது.

கடைசியாக, நினைவகத் தளத்தின் போர்ட் (இணைப்புகளை ஏற்கும் எண்ணிட்ட வாசல்) இணையத்திலிருந்து எட்டக்கூடியதாக இருக்கிறதா என்று வெளியிலிருந்து ஒருவரைச் சோதிக்கச் சொல்லுங்கள். ரெடிஸின் 6379 போர்ட்டைக் கடவுச்சொல் இல்லாமல் திறந்து வைத்துத் தரவை இழந்த நிறுவனங்கள் உலகெங்கும் உண்டு. தொழிலாளர்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் அதில் இருந்தால், 2023-ஆம் ஆண்டின் மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பொறுப்பு நிறுவனத்தின் மேல்தான் வரும். அந்த இரண்டு எண்களுக்கும் நினைவகத்தில் வேலையே இல்லை. ஊதியம் போடும் நாளில் மட்டும் தரவுத்தளத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.